தலைவிதி அன்று, சட்டவிதி!

ஊசியும் கத்தரிக்கோலும் பிடித்துப் பழகிய கை, பழந்துணி மடித்துக்கொண்டிருக்கிறது!

இங்கிலாந்திலே, ஏதோ ஓர் ஊரிலே, தொண்டு நிலையம் ஒன்று நடத்தும் கடை. பிறர் உடுத்திக் கழித்த சட்டைகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. கிழிசலைத் தனியே எடுத்து, நல்லதை மடித்து, விலைச்சீட்டுக் குத்தி அடுக்குகிறார் ஒருவர். தம் நாட்டிலே தையற்கடை வைத்திருந்தவர். குண்டு விழுந்தது, கடையும் போயிற்று, கடை இருந்த தெருவும் போயிற்று. அடைக்கலம் தேடி வந்தார், மனுக் கொடுத்தார், முடிவுக்குக் காத்திருக்கிறார். காலை முதல் மாலைவரை அந்தக் கடையிலே உழைக்கிறார். கூலி இல்லை. கூலி வாங்கினால் அவர் குற்றவாளி. கூலி கொடுத்தால், கொடுத்தவர் தண்டம் கட்டவேண்டும். கூலியே இல்லாமல் உழைத்தால் மட்டும் குற்றம் இல்லை!

அந்தத் தையற்காரரை நாம் எண்ணத்தில் படைத்தோம், மறைக்கவில்லை. ஆனால் அவரை அங்கே அப்படி நிறுத்தி வைத்திருக்கும் சட்டத்தை நாம் படைக்கவில்லை. அது பிரிட்டிஷ் ஆட்சியாளர் படைத்தது. ஒரு கட்சி தொடங்க, மறு கட்சி தொடர, இரு கட்சியாரும் மாறி மாறி மெருகேற்றியது.

2002-ஆம் ஆண்டு ஜூலை வரையில், மனுச் செய்து ஆறு திங்கள் ஆனவர் வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்ற சலுகை இருந்தது. அதை நீக்கினர். இப்போது ஓராண்டு காத்திருந்தும் முடிவு வராதவர் மட்டுமே கேட்கலாம். அதுவும், துரைத்தனமே குறித்துவைத்த சில தொழில்களுக்கு மட்டும். பட்டியலில் தம் தொழில் இல்லாதவர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு, முதல் தடவையே ஆளொன்றுக்கு 45,000 பவுண் வரை தண்டம் - 2024 முதல் இதுதான் கணக்கு.

உழைக்கக் கூடாதா? சரி, பிழைப்பது எப்படி? 2025-ஆம் ஆண்டிலே வாரம் 49.18 பவுண் தருகிறோம் என்றனர். நாளொன்றுக்கு ஏழு பவுண் சொச்சம். மூன்று வேளை உணவும் கொடுக்கும் ஓட்டலில் வைக்கப்பட்டவராயின், 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி வாரம் 9.95 பவுண். நாளுக்கு ஒன்றரைப் பவுண் கூட இல்லை! அதே ஆண்டிலே, லண்டனுக்கு வெளியே உள்ளூர்ப் பஸ்ஸில் ஒரு வழிப் பயணத்துக்கு 3 பவுண் வரை வாங்கினர். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்தால் ஆறு போயிற்று. மிச்சம் உள்ள நாலு பவுணில் சவரக்கத்தி, பேசுகருவிக் கட்டணம், குழந்தைக்கு ஒரு மிட்டாய். வாழ்க்கை நடத்து, ராஜா போல!

இந்த இடத்திலேதான் உள்ளூர்த் தொண்டர் குழுக்கள் வருகின்றன. பஸ் கட்டணம் தருகின்றனர். குளிர்காலத்துக்குக் கம்பளிச் சட்டை தருகின்றனர். ஆங்கிலம் கற்பிக்கின்றனர். உள்துறை அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்கின்றனர். அக்கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று வழி சொல்ல வேண்டுமானால் மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், பதிவு பெறாதவர் குடியேற்றச் சட்ட ஆலோசனை கூறுவது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இவ்வளவும் நடப்பது பெரும்பாலும் எங்கே தெரியுமா? மாதாகோயிலை ஒட்டிய கூடங்களிலே! நம் இளைஞர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம் தோழர்களே. கூரைமேல் சிலுவை இருக்கிறதா என்று நாம் பார்க்கவில்லை. உள்ளே நுழைபவன் குனிந்து நுழைய வேண்டியிருக்கிறதா, நிமிர்ந்து நுழைய முடிகிறதா என்று பார்க்கிறோம். நிமிர்ந்து நுழைய முடிந்தால், கட்டடம் எவருடையதாயினும் கவலை இல்லை.

ஷெஃபீல்டு நகரைப் பாருங்கள். எஃகுக்குப் பேர்போன ஊர். அங்கே 2003-இல் 'அசிஸ்ட்' என்றொரு குழு தோன்றிற்று. எவருக்கு உதவ? மனு தள்ளுபடியாகி, வீடும் பணமும் நிறுத்தப்பட்டு, ஊருக்கும் திரும்ப முடியாமல் தெருவில் நிற்பவருக்கு! தள்ளுபடியானவர் என்றால் பொய்யர் என்று பொருளா? மேல்முறையீட்டிலும் மறு மனுவிலும் வென்று அகதியென ஏற்கப்பட்டவர் எத்தனையோ பேர். முதல் அதிகாரி நம்பவில்லை, அவ்வளவுதான். அத்தகையோருக்குத் தங்க இடமும் வாரந்தோறும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுத்துவரும் குழு அது. அதே நகரிலே 2005-இல் தொடங்கியது 'சிட்டி ஆஃப் சேங்க்சுவரி' இயக்கம்; 2007-இல் ஷெஃபீல்டு தன்னை அடைக்கல நகர் என்று அறிவித்துக்கொண்டது. பிறகு பற்பல ஊர்கள் அந்தப் பெயரை ஏற்றன. தலைநகரிலே கதவைச் சாத்தச் சட்டம். ஊர்களிலே கதவைத் திறக்க ஆட்கள்!

ஆனால் அந்தத் திறந்த கதவிலும் ஒரு விந்தை உண்டு. 2014-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், குடியிருக்க உரிமை இல்லாதவருக்கு வீடு வாடகைக்கு விடாதே என்று இங்கிலாந்தின் வீட்டுக்காரருக்குக் கட்டளையிட்டது, விட்டால் தண்டம். வாடகை வாங்கினால்தான் அது வாடகைக்கு விடுவது. வாங்காமல் இடம் கொடுத்தால் இந்த விதி பாயாது. ஆகவே ஓர் ஆசிரியை தம் வீட்டு மாடி அறையை, மனு மறுக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரலாம். அவரோ, "அம்மா, சும்மா இருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மாதம் இவ்வளவு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால், வாங்கிய ஆசிரியைக்குத் தண்டம் காத்திருக்கிறது!

சேர்த்துப் பாருங்கள் இவ்விரண்டையும். இலவசமாக உழை - தடையில்லை. கூலிக்கு உழை - தடை. இலவசமாகத் தங்கு - தடையில்லை; வாடகை கொடுத்துத் தங்கு - தடை. தானம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது; தன்மானத்தோடு வாழச் சட்டம் இடம் தரவில்லை! உழைப்பாளியைக் கொண்டுவந்து, அளந்து வெட்டி, இரவலனாகத் தைத்துவிடுகிறது. பிறகு அமைச்சர் ஒருவர் எழுந்து, "நம் நாட்டு மக்களின் தரும சிந்தையே சிந்தை!" என்று போற்றுகிறார். வறுமை வந்தது எதனால்? பூர்வ வினையாலா? கிரகம் கெட்டதாலா? தலையில் எழுதியவன் எழுத்தாலா? தலைவிதி அன்று, ஐயா, சட்டவிதி! பிரிவு எண் உண்டு. நிறைவேறிய தேதி உண்டு. ஆதரித்துக் கை தூக்கியவர் பட்டியலும் உண்டு.

தொண்டர்களைக் குறை கூறுகிறோமா? இல்லை. ஒரு கேள்வி கேட்கிறோம்: ஓட்டையை அடைப்பவர், ஓட்டை போடுபவனுக்குத் துணைபோகிறாரா? அந்நாட்டுத் தொண்டர்களே இக்கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர்கள். அதனாலேதான் அவர்கள் கதை நமக்குப் பாடமாகிறது.

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் சீட்டு முறை வந்தது. அடைக்கலம் நாடுவோருக்குப் பணம் தராமல் சீட்டுகள் தந்தனர். தனியாள் ஒருவருக்கு வாரம் 36.54 பவுண்; அதில் 10 பவுணை மட்டும் காசாக மாற்றலாம். மற்றவை குறிப்பிட்ட கடைகளில் பொருள் வாங்கத்தான். ஐந்து பவுண் சீட்டைக் கொடுத்து நாலு பவுணுக்குப் பொருள் வாங்கினால் மீதி? கிடையாது! கடைக்காரர் வைத்துக்கொள்ளலாம். வரிசையிலே நிற்கும்போதே, 'இவன் சீட்டுக்காரன்' என்று ஊர் பார்க்கும். நெற்றியிலே சூடு போடாத குறை.

தொண்டு நிலையங்களும் கடை நடத்துகின்றனவே, அவையும் இச்சீட்டை ஏற்கலாமே என்று எதிர்பார்த்தனர். ஆக்ஸ்பாம் மறுத்தது. ஏற்றிருந்தால் வியாபாரம் கூடியிருக்கும். ஏழைகளுக்கு மலிவாகத் துணி கிடைத்திருக்கும் என்று நியாயமும் பேசியிருக்கலாம். அவமானத்துக்கு நாங்கள் கல்லாப்பெட்டி ஆகமாட்டோம் என்ற நிலையில் நின்றது. அத்தோடு, போக்குவரத்துத் தொழிலாளரின் பெருஞ்சங்கமும் அகதிகள் கவுன்சிலும் ஆக்ஸ்பாமும் கைகோத்து, சீட்டு முறையின் கொடுமையை அறிக்கையாக்கி வெளியிட்டன. சங்கத் தலைவர் பில் மோரிஸ், ஆளுங்கட்சியாம் தொழிற்கட்சியின் மாநாட்டுக்கே பிரச்சினையைக் கொண்டுபோனார். 2001 அக்டோபரில் சீட்டு முறை கைவிடப்படும் என்று அறிவிப்பு. 2002 ஏப்ரலில் அது ஒழிந்தது. இரண்டே ஆண்டு ஆயுள்!

ஆயினும் ஆட்சியாளர் சும்மா இருந்தனரா? சீட்டுப் போன கையோடு, அதைவிடக் கூரிய ஆயுதம் ஒன்றைத் தீட்டினர். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. நாட்டில் கால் வைத்ததும் கூடிய விரைவில் மனுக் கொடுக்காதவருக்கு வீடும் இல்லை, பணமும் இல்லை என்றது. 2003 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விமான நிலையத்திலே, அதிகாரியைக் கண்டாலே நடுங்குபவன், ஆள்கடத்தி அழைத்துவந்தவன் பேச்சைக் கேட்டு மறுநாள் போய் மனுக் கொடுத்தான் என்று வையுங்கள். தாமதம்! தெருவுக்குப் போ! உழைத்துச் சாப்பிடலாமா? அதுவும் கூடாது!

வழக்குகள் குவிந்தன. அவற்றுள் மூன்று வழக்குகள் பிரபுக்கள் சபை நீதிபதிகள் வரை சென்றன. அரசுத் தரப்பின் கட்சி என்ன? உதவியை நிறுத்திய அளவிலே அது மனிதத் தன்மையற்ற நடத்தை ஆகிவிடாது என்பது. அப்படியானால், பிழைக்க வேறு வழி உண்டா, தொண்டு நிலையங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி வழக்குமன்றத்தில் எழுந்தது. கவனியுங்கள், தோழர்களே, இந்தக் கட்டத்தை! தொண்டன் காட்டிய இரக்கம், துரைத்தனத்தார் கைகழுவத் தண்ணீராகப் பயன்பட இருந்தது. அவன் கஞ்சி ஊற்றியதைக் காட்டியே, "பார்த்தீர்களா, எவரும் பட்டினி இல்லை" என்று சொல்லிவிட வழி இருந்தது.

தொண்டு நிலையங்கள் என்ன செய்தன? தம் பெருமையைப் பாடிக்கொள்ளவில்லை. "எங்களால் முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தன! இரவு தங்கும் விடுதிகளில் இடமில்லை, படுக்கை இல்லை, பணமில்லை என்று சான்று அளித்தன. வழக்காடிய மூவருள் ஒருவர், தொண்டு நிலையம் ஒன்றின் கட்டடத்துக்கு வெளியிலேயே படுத்து உறங்கியவர். பகலிலே உள்ளே சோறு, குளிக்கத் தண்ணீர். இரவிலே வெளியே குளிர். அதற்கு மேல் அந்நிலையத்தால் முடியவில்லை. முடியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. தன் இயலாமையை வெளிப்படச் சொல்லும் துணிவு, கோடி கொடுக்கும் கொடையினும் அரிது என்போம். நன்கொடை கேட்டுப் பிழைக்கும் நிறுவனம், "நாங்கள் தோற்றோம்" என்று கையெழுத்திடுவது எளிதா?

2005 நவம்பர் 3-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தெருவிலே உறங்கவும், கடும் பசியால் வாடவும், உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ள இயலாமல் தவிக்கவும் ஒருவரை விடுவது, மனிதத் தன்மையற்ற நடத்தை என்ற எல்லையைத் தொடும் என்றனர் நீதிபதிகள். உதவியை நிறுத்தியதும் அரசே, உழைக்காதே எனத் தடுத்ததும் அரசே; ஆகவே விளைந்த துன்பத்துக்கு அரசே பொறுப்பு என்பதும் அத்தீர்ப்பின் உட்கிடை. நாம் சட்டவிதி என்று சொன்னதை, நீதிபதிகள் சட்டமொழியிலே சொன்னார்கள்.

எல்லா நிலையங்களும் இப்படி நிமிர்ந்து நின்றனவா என்றால், இல்லை. 2011-இல் கேட்விக் விமான நிலையத்துக்கு அருகே, நாடு கடத்தப்படும் குடும்பங்களை அடைத்துவைக்க 'சீடர்ஸ்' என்றொரு இடம் திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்கு நலப்பணி செய்ய, குழந்தைகள் நலனுக்கெனவே பெயர்பெற்ற பர்னாடோஸ் நிலையம் ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் நன்மைக்காகவே உள்ளே இருக்கிறோம் என்றது. அந்த எண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குள்ளே பொம்மை கொடுப்பவர் இருந்தால், பூட்டுக்கு ஒரு நற்சான்றும் கிடைத்துவிடுகிறதே! கடுங்கண்டனம் எழுந்தது, சில ஆண்டுகளில் அந்த இடமும் மூடப்பட்டது. ஆக்ஸ்பாம் சீட்டை மறுத்ததையும், இதையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும் தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர்கள்.

"உள்ளூர் ஏழைக்கே வழியில்லை, வந்தவனுக்கு என்ன வாழ்வு?" என்று கேட்பவர் அங்கும் உண்டு. கேட்டதோடு நிற்கவில்லை சிலர். 2024 ஆகஸ்டு 4-ஆம் நாள், ராதர்ஹாம் அருகே அடைக்கலம் நாடுவோர் தங்கியிருந்த ஓட்டலைச் சூழ்ந்து, உள்ளே ஆள் இருக்கத் தீவைக்க முனைந்தது ஒரு கூட்டம். உள்ளூர் ஏழைக்கு வழியில்லை என்பது மெய். ஆனால் அவன் பங்கை எடுத்துப்போனது யார்? வாரம் பத்துப் பவுண் வாங்குபவனா? பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் கணக்குச் சொல்லிற்று: தங்குமிடம் அமைக்கத் தனியார் கம்பெனிகளோடு 2019-இல் பத்தாண்டுக்குச் செய்த ஒப்பந்தங்களின் செலவு 450 கோடிப் பவுண் என்று முதலில் மதித்தார்களாம், இப்போது அது 1,530 கோடிப் பவுண் ஆகும் என்று தெரிகிறதாம்! அகதிக்கு மூன்று நட்சத்திர ஓட்டல் என்று பத்திரிகைகள் கூச்சலிடுகின்றன. ஓட்டலின் வாடகை அகதியின் பைக்கா போகிறது? காலையில் மருத்துவமனையிலும் மாலையில் தையல் மேடையிலும் வேலை செய்து, தன் வாடகையைத் தானே கட்டி, வரியும் செலுத்தத் தயாராக இருப்பவனைத் தடுத்து உட்காரவைத்து, அவன் பேரால் கம்பெனிக்குக் கட்டணம் செலுத்தும் பொருளாதாரம் எந்தப் பள்ளியில் படித்ததோ!

வேலை செய்ய விட்டால் இன்னும் பலர் வந்து குவிவர் என்பது ஆட்சியாளர் சொல்லும் காரணம். அரசே அமைத்த குடியேற்ற ஆலோசனைக் குழு, 2021 டிசம்பரில், இத்தடையை மறுபரிசீலனை செய்க என்றது. குவிவர் என்பதற்கு ஆதாரம் இருந்தால் வெளியிடுக என்றும் கேட்டது. ஆதாரம் கேட்பதுதான் நம் வழக்கமும். ஆகவே அக்குழுவிடம் நமக்கு ஒரு பாசம். தொண்டர் குழுக்களும் தொழிற்சங்கங்களும் பிறரும் சேர்ந்து, தடையை நீக்கு என்று 2018 முதல் கூட்டணி கட்டிக் கிளர்ச்சி நடத்துகின்றன. இதைத்தான் நாம் போற்றுகிறோம். அந்தத் தடை நீங்கினால், இக்குழுக்களின் வாயிலில் நிற்கும் வரிசை பாதியாகிவிடும். தம் வாயிலில் கூட்டம் குறைய வேண்டும் என்று போராடும் அறச்சாலை எங்கே, பிச்சைக்காரர் இருந்தால்தான் புண்ணியம் என்று சத்திரம் கட்டுபவர் எங்கே!

அயல்நாட்டு விவகாரம் நமக்கேன் என்பவருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 1987 பிப்ரவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். இலங்கையிலிருந்து தப்பி வந்து, திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர் ஐம்பதுக்கு மேற்பட்டோர், விமானத்தில் ஏற மறுத்து, அந்தக் குளிரிலே ஆடை களைந்து நின்றனர்! உலகம் பார்த்தது. வழக்குமன்றம் தலையிட்டது, அன்று அவர்களை அனுப்ப முடியவில்லை. ஆனால் அதே ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் ஒன்று இயற்றிற்று - உரிய தாளில்லாத பயணியை ஏற்றிவந்தால், விமானக் கம்பெனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம் என்று. இன்று சூடானியரையும் ஆப்கானியரையும் விமானத்தில் ஏறவிடாமல், ரப்பர்ப் படகில் ஏற்றிக் கால்வாயில் தள்ளுகிற விதிகளின் வரிசையில் அதுவும் ஒன்று. அதை எழுத முகாந்தரமாகக் காட்டப்பட்டது நம்மவர் உடல்.

இப்போது புதிதாக ஒன்று. 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவித்தார்: வறியராய் நிற்கும் அடைக்கலம் நாடுவோருக்கு உதவுவது அரசின் சட்டக் கடமை என்று 2005 முதல் இருந்துவந்த விதி நீக்கப்படுமாம். கடமை போய், விருப்பம் வருமாம். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். உழைக்க உரிமை பெற்றும் உழைக்காதவருக்கு உதவி நிறுத்தப்படுமாம். உழைக்க உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டுகிறவரிடமா இந்த வீரம்? அகதியென ஏற்றபின்னும் முப்பது திங்களுக்கு ஒருமுறை அவர் நிலை மறுபடி ஆராயப்படுமாம். நிலையாக வாழ உரிமை பெற இருபது ஆண்டு ஆகுமாம்.

55-ஆம் பிரிவு வேறு உடை உடுத்தி வருகிறது. நாளை மீண்டும் ஒருவர் தெருவில் படுப்பார். மீண்டும் வழக்கு வரும். "தொண்டு நிலையங்கள் இருக்கின்றனவே" என்று மீண்டும் ஒரு வழக்கறிஞர் எழுந்து சொல்லக்கூடும். இருபதாண்டுக்கு முன்னே, இடமில்லை, படுக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தத் தாள்களின் படிகளை, ஊர்தோறும் உள்ள தொண்டர் குழுக்கள் இன்னும் பெட்டியில் வைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.